பூஸ்டில் டிப்ஸ்டிக் எழும்புகிறது: கேட்ச் கேன் போட்டால் தீருமா, போர் வேலைதானா?

சூலூர்க்காரன்:

வணக்கம். வண்டி 2005 மாடல், 1781 சிசி டர்போ பெட்ரோல், 20 வால்வு. இவ்வளவு சொன்னாலே எந்த வண்டி என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். நான் மூன்றாவது ஓனர். முன்னால் வைத்திருந்தவர் பவருக்காக என்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து, ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கோன் ஃபில்டர் போட்டு, டர்போவுக்குப் பின்னால் வரும் எக்ஸாஸ்ட் டவுன்பைப்பும் மாற்றியிருக்கிறார். முழு மிதியில் பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் காற்றழுத்தம், கேஜில் ஒரு பாரைத் தொட்டுவிட்டு இறங்குகிறது.

இழுவையில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் ஆயிலில்தான். கோத்தகிரி ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்து ஏறிவிட்டு பானெட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் ஓர் அங்குலம் எழும்பி நிற்கிறது, கழுத்தைச் சுற்றி ஆயில் தெறித்திருக்கிறது. டேப்பெட் கவர் ஓரம் எப்போதும் ஈரம். கேஸ்கட் மாற்றியும் திரும்பக் கசிகிறது. சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை ஒரு தடவை போகும், அப்புறம் இல்லை. இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸைக் கழற்றினால் உள்ளே விரல் நனைகிற அளவுக்கு ஆயில். ஐடிலிங் ஏறி இறங்குகிறது. ஸ்கேனர் போட்டால் பி0171, அதாவது கலவை லீன்.

காட்டிய இடத்தில் ஒருவர் டர்போ போய்விட்டது என்கிறார். இன்னொருவர் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, போர் வேலை செஞ்சிடலாம்" என்கிறார், அதாவது என்ஜினை இறக்கிச் சிலிண்டரைக் கடைந்து ரிங் மாற்றுவது. இரண்டுக்குமே இப்போது கையில் காசில்லை. ஆன்லைனில் அலுமினியக் கேட்ச் கேன் (என்ஜின் ஆவியில் வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) ஹோஸோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் தீருமா? கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் டிராக் டே நடந்தால் போகிற பழக்கமும் உண்டு, அதற்கும் தாங்க வேண்டும். கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) காற்றோட்டத்தை உருப்படியாகச் செய்ய என்ன வழி என்று கைப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செகண்ட் கியர்:

நண்பா, இதற்கு இவ்வளவு யோசனையே வேண்டாம். டேப்பெட் கவரில் ஒன்று, பிளாக்கில் ஒன்று என்று உள்காற்றை நேராக வெளியே விடும் பிரீதர் ஃபில்டர் இரண்டை மாட்டிவிடுங்கள். மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) போகிற வழியையும் டர்போவுக்குப் போகிற வழியையும் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். காற்று வெளியே போய்விடும், இன்டர்கூலரில் ஒரு சொட்டு ஆயில் வராது. என் வண்டியில் அப்படித்தான் இருக்கிறது, டிராக்கில் ஒரு தொல்லையும் இல்லை.

பழைய லேத்:

செகண்ட் கியர் தம்பி சொன்னது டிராக்கிலேயே குடியிருக்கும் வண்டிக்குச் சரி. வேலைக்கும் ஊட்டிக்கும் போகிற வண்டிக்கு வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சூலூர் தம்பி, இப்போதைக்கு டர்போவைக் கழற்றாதீர்கள், போர் வேலைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கேனும் வாங்காதீர்கள். முதலில் கிராங்க்கேஸுக்குள் என்ன அழுத்தம் இருக்கிறது என்று அளந்துவிடுவோம். அளக்காமல் கேன் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கேன்களில் பாதி, காலியாகவே தொங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வருகின்றன.

அடிப்படையை ஒரு தடவை பேசிவிடலாம். பிஸ்டன் ரிங் புதிதாகவே இருந்தாலும் எரிந்த காற்றில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். நம் ஊரில் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். அதில் நீராவி உண்டு, எரியாத பெட்ரோல் உண்டு, அமிலமாக மாறுகிற சமாச்சாரங்கள் உண்டு. கிராங்க் சுழற்சியில் பறக்கும் ஆயில் பொடித்துளியும் சேர்ந்துகொள்ளும். இதை வெளியே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுக்காவிட்டால் ஆயில் கெடும், சேறு கட்டும், சீல் எல்லாம் வெளிப்பக்கம் தள்ளும்.

டர்போ இல்லாத வண்டியில் இது சுலபம். இன்டேக் மேனிஃபோல்டில் பெரும்பாலும் உறிஞ்சல் இருக்கிறது, அதில் ஒரு ஹோஸ் கொடுத்தால் போதும். டர்போ வண்டியில் அதே மேனிஃபோல்டு ஐடிலில் உறிஞ்சும், மிதித்தால் ஊதும். அதனால் இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் மேனிஃபோல்டு வழி. பூஸ்ட் வந்ததும் அந்த வழியை ஒரு ஒன்வே வால்வு மூடிவிடும். அப்போது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பெரிய ரப்பர் பைப்பின் உறிஞ்சல்தான் இழுக்க வேண்டும். கவனியுங்கள்: மிதிக்கும்போதுதான் பேக் கம்ப்ரஷன் அதிகம், அந்த நேரத்தில்தான் இழுவிசை குறைவு. டர்போ வண்டியின் காற்றோட்டத் தகராறு எல்லாமே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் என்ஜினில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்து ஒரு ஹோஸ் மேலே வருகிறது, டேப்பெட் கவரிலிருந்து இன்னொன்று. இரண்டும் கூடி, ஒரு கிளை ஒன்வே வால்வு வழியாக மேனிஃபோல்டுக்கும், இன்னொரு கிளை டர்போ இன்லெட் பைப்பின் மேல் உட்கார்ந்திருக்கும், உறிஞ்சலை அளவோடு வைக்கும் வட்டமான ரெகுலேட்டர் வால்வுக்கும் போகிறது. இதில் பாதி ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இருபது வருஷ வெயிலும் என்ஜின் சூடும் பட்ட ரப்பர். பார்க்க முழுதாக இருக்கும், அடிப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் பிஸ்கட் மாதிரி பொடியும். அங்கே வெடிப்பு இருந்தால் ஐடிலில் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங் ஆடுவதும் பி0171 வருவதும் பெரும்பாலும் அதனால்தான்.

டிப்ஸ்டிக் எழும்புவதற்கு முதல் சந்தேகம் அந்த ஒன்வே வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஐடிலில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஐடிலில் அது திறந்திருக்க வேண்டியதுதான். மிதித்தால் மட்டும் ஒரு பார் பூஸ்டும் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ரிங் போன வண்டி போலவே நடிக்கும். இந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக என்ஜின் இறக்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

டர்போ போய்விட்டது என்றவரும் முழுப் பொய் சொல்லவில்லை. டர்போ பேரிங்கிலிருந்து ஆயில் பம்பு வைத்துத் திரும்புவதில்லை, தன் எடையில்தான் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்கு வழிந்து இறங்குகிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அது இறங்க முடியாது. பேரிங் ஹவுசிங்கில் தேங்கி, ஒரு பக்கம் கம்ப்ரசருக்குள்ளும் மறு பக்கம் எக்ஸாஸ்டுக்குள்ளும் கசியும். இன்டர்கூலரில் ஆயில், சிக்னலில் நீலப் புகை, இரண்டுக்கும் இது காரணமாக இருக்கலாம். புது டர்போ போட்டாலும் அதுவும் அப்படியேதான் கசியும். கம்ப்ரசர் பக்க ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் எந்த நல்ல டர்போவிலும் இருக்கும். சக்கரம் ஹவுசிங்கில் உரசியிருந்தாலோ, முன்னும் பின்னும் நகர்ந்தாலோதான் கவலை.

இனி சோதனை. நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

ஆயில் அளவைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், அந்த நுரை எல்லாம் பிரீதரில்தான் வரும். சர்வீசுக்கு விட்ட வண்டிகளில் இது சாதாரணம்.

அடுத்து அந்த ஒன்வே வால்வைக் கழற்றித் துடைத்துவிட்டு வாயால் ஊதுங்கள். கிராங்க்கேஸ் பக்கத்திலிருந்து ஊதினால் போக வேண்டும், மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் சுத்தமாகப் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் பாதி வியாதி தெரிந்துவிட்டது.

அப்புறம் அழுத்தம். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தெளிவான தண்ணீர் டியூப் மூன்று நான்கு மீட்டர் வாங்குங்கள். டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு அந்தக் குழாயில் டியூபைக் காற்றுப் புகாமல் செருகி, நடுவில் ஒரு காலி பாட்டிலை வைத்து (தண்ணீர் என்ஜினுக்குள் போகாமல் இருக்க, இதை மட்டும் விடாதீர்கள்), மீதி டியூபை ஒரு பலகையில் யூ வடிவில் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சொட்டு நீல மை கலந்தால் பார்க்கச் சுலபம். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு மில்லிபார். எழுபது சென்டிமீட்டர் ஒரு பிஎஸ்ஐ. சூடான என்ஜின் ஐடிலில் இருக்கும்போது என்ஜின் பக்கத் தண்ணீர் சில சென்டிமீட்டராவது மேலே ஏறி நிற்க வேண்டும். அசையவே இல்லை என்றால் எங்கோ வெடிப்பு அல்லது அடைப்பு. ஒரேயடியாக உறிஞ்சிப் பாட்டிலுக்கு வந்துவிட்டால் அதிகப்படி உறிஞ்சலைக் கட்டுப்படுத்த எதுவும் வேலை செய்யவில்லை.

மிதிக்கும்போது பார்க்க இந்தத் தண்ணீர் டியூப் ஆகாது. வால்வு போன வண்டியில் பூஸ்ட் உள்ளே வந்தால் தண்ணீர் கூரைக்குப் போகும். அதற்கு மில்லிபாரில் காட்டும் சின்ன கேஜை டியூப் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முழு பூஸ்டிலும் முள் பூஜ்யத்துக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருந்தால் காற்றோட்டம் சரி.

போர் வேலை தேவையா என்று சொல்ல வேண்டியது லீக்டவுன் டெஸ்ட், உள்ளங்கை இல்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனைக் கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து எத்தனை சதவீதம் தப்புகிறது என்று பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் நல்ல என்ஜின். இருபதைத் தாண்டி, ஆயில் மூடியில் காது வைத்தால் உஸ் என்று கேட்டால்தான் ரிங். உள்ளங்கையை வைத்தால் எந்த டர்போ வண்டியிலும் காற்று அடிக்கத்தான் செய்யும்.

செகண்ட் கியர் தம்பிக்கு: திறந்த பிரீதர் என்பது பழைய வண்டிகளில் என்ஜினுக்குக் கீழே தொங்கிய குழாயின் மறுபிறவி. 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவிலும், 1963-ல் அமெரிக்கா முழுவதும் அதை விட்டுவிட்டு உள்ளே இழுக்கிற முறைக்கு வந்தார்கள். புகைக்காக மட்டும் இல்லை. இழுத்தால்தான் நீராவியும் பெட்ரோலும் வெளியேறும். திறந்து வைத்தால் அழுத்தம் தணியும், உறிஞ்சல் வராது. சிட்டி ஓட்டத்தில் ஈரம் உள்ளேயே சுற்றும். சிக்னலில் ஏசி வழியாக ஆயில் வாடை கேபினுக்கு வரும். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே அந்த ஃபில்டர் சொட்டினால் நெருப்பு. பந்தயத்திலேயே, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி திறந்த பிரீதரை அப்படியே விடச் சொல்லவில்லை. கேட்ச் டேங்க் கட்டாயம், 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் வேண்டும்.

செகண்ட் கியர்:

அண்ணே, ஏசியைக் கழற்றி எறிந்து ரொம்ப நாளாச்சு, அதனால் வாடை தெரியவில்லை. கேட்ச் டேங்க் விஷயத்தைக் கவனிக்கிறேன்.

ஸ்கார்பரோ வாசி:

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம், வண்டி சுவீடன். ஐந்து சிலிண்டர் டர்போ. எங்கட ஆட்கள் இதற்குச் செய்வது இன்னும் சுகமான சோதனை. ஆயில் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ரப்பர் கையுறை ஒன்றை இழுத்து மாட்டிவிட்டு ஐடிலில் விடுங்கோ. கையுறை உள்ளே இழுபட்டால் நல்லது. ஊதி எழும்பிக் கை காட்டினால் பிரீதர் அடைப்பு. அளவு சொல்லாது, ஆனால் ஆம் இல்லை சொல்லும்.

லேத் அண்ணை சொல்லாத ஒன்று குளிர். உங்கட பக்கம் தேவைப்படாது, ஆனால் இதை வாசிக்கிற கனடாக்காரருக்காக. கேனில் சேர்வதில் முக்கால்வாசி தண்ணீர். மைனஸ் 20-ல் அது உறைந்து ஹோஸை அடைத்துவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணி ஹைவேயில் ஏறினால் கிராங்க்கேஸ் காற்றுக்குப் போக வழி இல்லை, கிராங்க்கின் பின் மெயின் சீல் தள்ளிக்கொண்டு வரும். சீல் மாற்றக் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். அதனால்தான் இந்த வண்டியில் பிரீதர் ஹோஸ் இன்டேக்கில் சேரும் முனையைக் கூலன்ட் கொடுத்துச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் இங்கே கேனைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஹோஸைத் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான்.

சூலூர்க்காரன்:

லேத் அண்ணா, சொன்ன வரிசையிலேயே பார்த்தாயிற்று. ஆயில் அளவு மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது, இறக்கிவிட்டேன். ஒன்வே வால்வு இரண்டு பக்கமும் தாராளமாக ஊதுகிறது. உள்ளே இருக்கும் வட்டு கறுப்புப் பிசினில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள ஹோஸ் கையோடு வந்தது, முழங்கை மாதிரி வளையும் இடத்தில் நீளமாக வெடிப்பு. முன்னால் இருந்தவர் அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்.

தண்ணீர் டியூபில் ஐடிலில் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. தற்காலிகமாகப் புது வால்வும் ஹோஸும் போட்ட பிறகு 7 செ.மீ. வித்தியாசம் காட்டுகிறது, ஐடிலிங் ஆட்டமும் நின்றுவிட்டது. லீக்டவுன்: 8, 9, 7, 13 சதவீதம். நான்காவது சிலிண்டர் கொஞ்சம் கூட. போர் வேலை தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேஜை உள்ளே கொண்டுவந்து அவினாசி ரோட்டில் விடியற்காலையில் பார்த்தோம். டிப்ஸ்டிக் இப்போது எழும்புவதில்லை. ஆனால் முழு பூஸ்டில் 5000 ஆர்பிஎம் தாண்டியதும் முள் பூஜ்யத்துக்கு மேலே 15 மில்லிபார் வரை போகிறது. இதைக் கீழே கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? இப்போதாவது கேன் வாங்கலாமா?

பழைய லேத்:

இப்போது பேசலாம். 13 சதவீதத்துக்கு யாரும் என்ஜின் இறக்க மாட்டார்கள். அடுத்த சர்வீசில் இன்னொரு தடவை பார்த்து, கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

15 மில்லிபார் பயப்படுகிற அளவில்லை, ஆனால் அது சொல்கிற சேதி முக்கியம்: பூஸ்டில் இழுக்கிற வழி உங்கள் பேக் கம்ப்ரஷனுக்குப் போதவில்லை. கம்பெனி போட்ட காற்றோட்டம் கம்பெனி பூஸ்டுக்கு. பூஸ்டை ஏற்றியவர் பிரீதரைத் தொடவில்லை. அதோடு கோன் ஃபில்டர். ஃபில்டர் பெட்டி கொடுத்த சின்னத் தடையால்தான் டர்போ இன்லெட் பைப்பில் உறிஞ்சல் உண்டாகிறது. தடையே இல்லாத ஃபில்டரைப் போட்டால் அந்த உறிஞ்சலும் குறையும். பவருக்காகப் போட்டது பிரீதரின் கழுத்தைப் பிடிக்கிறது. இதை எந்த ஃபில்டர் விற்கிறவரும் சொல்ல மாட்டார். பழைய பெட்டி கிடைத்தால் நல்ல பேப்பர் ஃபில்டரோடு மாட்டி ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி இறங்கினாலும் இறங்கும்.

அடுத்து வழியின் அளவு. பேக் கம்ப்ரஷன் போகிற பாதையில் எது குறுகலோ அதுதான் கணக்கு. 12 மி.மீ. ஓட்டையை 19 மி.மீ. ஆக்கினால் பரப்பு இரண்டரை மடங்கு. ஆனால் 19 மி.மீ. ஹோஸ் வாங்கி, முனையில் 10 மி.மீ. துளையுள்ள எல்போ மாட்டினால் நீங்கள் வைத்திருப்பது 10 மி.மீ. ஹோஸ்தான். வெர்னியரை எடுத்து ஒவ்வொரு முனையின் உள்வட்டத்தையும் அளங்கள். ஆன்லைன் கேன்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வெளியே தடியாக இருக்கும், உள்ளே பேனா நுழையாது.

ஹோஸ் எது என்பதும் முக்கியம். ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் போடுகிற ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி உள்ளே உரியும். பளபளவென்று நீலத்தில் வரும் சாதா சிலிகான் ஹோஸ் உரியாது, ஆனால் ஆயில் அதன் வழியே வியர்த்து வெளியே வரும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் போதும். டர்போவை ஒட்டிப் போகிற துண்டுக்கு மட்டும் ஃப்ளோரோ ரப்பர் உள்ளுறை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மேனிஃபோல்டு பக்க ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகாத கனத்தில் இருக்க வேண்டும்.

டர்போ இன்லெட் பைப்பில் ஹோஸ் சேரும் இடத்தில் ஒரு சின்ன வேலை செய்யலாம். அலுமினிய பைப் மாற்றும் எண்ணம் இருந்தால், பிரீதர் நிப்பிளைக் கொஞ்சம் உள்ளே நீட்டி, முனையை 45 டிகிரி சாய்வாக அறுத்து, அந்தச் சாய்வு வாய் டர்போவைப் பார்த்திருக்கும்படி வெல்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடுகிற காற்று அந்த வாயைக் கடக்கும்போது பின்னால் உறிஞ்சல் கூடும். வாய் ஃபில்டர் பக்கம் பார்த்தால் காற்று உள்ளே ஊதும், தலைகீழாகிவிடும். நிப்பிள் உள்ளே தள்ளி நிற்க வேண்டும், உடைந்து விழுந்தால் நேராகக் கம்ப்ரசர் சக்கரத்துக்குத்தான் போகும்; அதனால் வெல்டைச் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது கேன். கேன் அழுத்தத்தைக் குறைக்காது. நடுவில் இன்னொரு தடையாகத்தான் நிற்கும். அதன் ஒரே வேலை ஆயில் துளியைப் பிடிப்பது, அதனால் வழியைப் பெரிதாக்கிய பிறகுதான் அதற்கு இடம். காலி டப்பாவில் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிற மாதிரி செய்தது எதற்கும் உதவாது, மூடுபனி போல வந்தது அப்படியே போய்விடும். உள்ளே தடுப்புத் தகடு இருக்க வேண்டும், நுழைகிற காற்று சுவரில் மோதித் திசை மாற வேண்டும், வேகம் குறைய வேண்டும். உள்ளே வலை வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை அடைக்கிறார்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் நார், மேலும் கீழும் துளைத் தகடு வைத்து நகராமல் பிடித்திருந்தால் சரி. மலிவான நார் துகள் உதிர்க்கும், அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடம்: ரெகுலேட்டருக்கும் இன்லெட் பைப்புக்கும் போகிற கிளையில், டர்போ சூட்டிலிருந்து தள்ளி, கிரில்லின் காற்றுப் படும் முன் மூலையில். குளிர்ந்தால்தான் ஆவி துளியாக மாறும். ஹோஸ் எங்கும் தொங்கிக் குழி விழக்கூடாது. குழியில் ஆயில் தேங்கினால் அதுவே அடைப்பு. இரண்டு பிரீதரும் கேனுக்கு வந்து சேரட்டும். மேனிஃபோல்டுக்குப் போகிற கிளையை அடைக்காதீர்கள், ஐடிலில் ஈரத்தை வெளியேற்றுவது அதுதான். அதில் உலோக உடம்புள்ள ஒன்வே வால்வாகப் போடுங்கள். டீசல் வண்டியின் பிரேக் பூஸ்டர் வால்வு பொருந்துகிறது என்று சிலர் போடுகிறார்கள், அது ஆயில் ஆவிக்காகச் செய்ததில்லை.

கேனுக்கு அடியில் ஒரு டிரெயின் டேப் வைத்து ஆயில் மாற்றும்போதெல்லாம் இறக்குங்கள். மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். வருவது பால்காபி நிறத்தில், பெட்ரோல் வாடையோடு இருக்கும். ஆயில் வீணாகிறதே என்று அதைத் திரும்ப என்ஜினில் ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும்.

கடைசியாக டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி உள்ளே கரி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு காலம் ஆயில் தேங்கிய டர்போ, அந்தப் பைப்பில் கட்டாயம் கொஞ்சம் சுட்ட ஆயில் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் நீலப் புகை போகவில்லை என்று வந்து என்னைத் திட்டக்கூடாது.

சூலூர்க்காரன்:

பழைய ஃபில்டர் பெட்டி உக்கடத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் கிடைத்தது. மாட்டி ஓட்டியதில் அதே இடத்தில் 15 இருந்தது 6 ஆகியிருக்கிறது. பவர் குறைந்த மாதிரி தெரியவில்லை, சத்தம்தான் குறைந்துவிட்டது, அது கொஞ்சம் வருத்தம்தான். ரிட்டர்ன் பைப்பில் கரி இருந்தது, பாதி வாய் அடைத்த மாதிரி. இனி 19 மி.மீ. ஹோஸ் வேலை. கேன் உங்களிடமே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன் அண்ணா.

ஒரு சந்தேகம். பூஸ்ட் லீக் டெஸ்ட்டும் செய்யலாம் என்றிருக்கிறேன். இன்லெட் பைப்பை அடைத்துக் காற்று கொடுத்தால் போதும்தானே?

பழைய லேத்:

இன்லெட் பைப்பிலிருந்து கொடுத்தால் அந்தக் காற்று ரெகுலேட்டர் வழியாகக் கிராங்க்கேஸுக்கும் போகும். ஒரு பார் கொடுத்துவிட்டு, சீலை நீங்களே வெளியே தள்ளிவிடுவீர்கள். பிரீதர் ஹோஸை இன்லெட் பைப்பிலிருந்து கழற்றி அந்த நிப்பிளை மூடிவிட்டுக் கொடுங்கள், ஆயில் மூடியும் திறந்தே இருக்கட்டும். ஆயில் மூடி வழியாகப் பலமாகக் காற்று வந்தால் ஒன்வே வால்வு திரும்பவும் விடுகிறது என்று அர்த்தம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வண்டியைக் கொண்டு வாருங்கள், காலையில் லேத்தில் வேலை இருக்கும்.

ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர்:

குறுக்கே வருகிறேன். என்னுடையது புது வண்டி, 1.0 டர்போ, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கிற வகை. இதற்கும் இதெல்லாம் செய்யலாமா?

பழைய லேத்:

வாரன்டி இருக்கிறதா? இருந்தால் ஒரு கிளிப்பைக்கூடத் தொடாதீர்கள். புது என்ஜின்களில் ஆயில் பிரிப்பான், ரெகுலேட்டர், ஒன்வே வால்வு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டியாகப் போட்டு என்ஜின் மேலேயே திருகியிருப்பார்கள். குறுக்கே கேன் கொடுக்க இடமும் இருக்காது. உங்கள் வகையில் இருக்கிற தொல்லை வேறு: பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவுவதில்லை, அதனால் பிரீதரில் வரும் ஆயில் அங்கே கருகிப் படியும். பழைய 1.8-ல் பெட்ரோல் போர்ட்டில் தெளிப்பதால் அது கழுவிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது நல்ல சிந்தெடிக் ஆயில், சீக்கிரம் மாற்றுவது, தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தாமல் வாரத்தில் ஒரு நாளாவது என்ஜின் நன்றாகச் சூடாகும்படி ஓட்டுவது. ஐடிலில் விசில் சத்தம் கேட்டு, ஆயில் மூடியைத் திறக்கும்போது அது நின்றாலோ, மூடி கையை விட்டு வராத அளவுக்கு உறிஞ்சி இழுத்தாலோ அந்தப் பெட்டியின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வாரன்டியில் மாற்றச் சொல்லுங்கள்.